பதினாறு ஸ்பிரிங்கும் ஒரு பொய்யும்

டிஸ்கி: கொஞ்சம் கிரீஸ் வாசம் அடிக்கிற பதிவு இது. ஸ்பேனரைப் பார்த்தாலே கொட்டாவி விடுற மக்கள் நடுவுல நாலஞ்சு பத்தியைத் தாண்டிக் குதிச்சுடலாம், கோச்சுக்க மாட்டேன். ஆனா கடைசியில எங்கப்பா வருவார். அதுக்காகவாவது திரும்பி வந்துடுங்க. :-)

நான் படிச்சது மெக்கானிக்கல். குப்பை கொட்டுறது ஜாவாவுல. கோயமுத்தூர்ல நாலு வருஷம் டிசைன் ஆஃப் மெஷின் எலிமெண்ட்ஸ், டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரின்னு தடி தடியா படிச்சிட்டு, கேம்பஸுக்கு வந்த முதல் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு கையெழுத்துப் போட்டவன். ஊருல பாதிப் பேர் கதை இதுதான்ங்கறதால இதுல எனக்குப் பெரிய வெட்கம் ஒண்ணும் கிடையாது. வெட்கப்பட வேண்டிய ஆள் வேற ஒருத்தர் இருந்தார். எங்கப்பா.

அப்பாவுக்கு சுந்தராபுரத்துல சின்னதா ஒரு பட்டறை. லாரி, டிராக்டர் ஹெட்டு எல்லாம் அவர்கிட்ட வரும். வால்வு சீட் கட்டிங், கைடு மாத்துறது, லேப்பிங், ஹெட் ஃபேசிங். ஐடிஐ படிச்ச மனுஷன். "என்ற பையன் மெக்கானிக்கல் இன்சினீருங்க"ன்னு வர்ற டிரைவர் அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டு இருந்தவர், நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து, "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கறானுங்க"ன்னு மாத்திக்கிட்டார். குறையா ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாததுதான் குத்தும், தெரியும்ல.

சரி, கதைக்கு வர்றேன்.

ஆன்சைட்னு என்னைத் தூக்கிப் போட்ட இடம் டெட்ராய்ட் பக்கத்துல ராயல் ஓக். பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர். எழுபத்தி நாலு வயசு, கார் ஃபேக்டரியில முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி போயாச்சு. முதல் பனிக்காலத்துல நான் மண்வெட்டியோட மல்லுக்கட்டுறதைப் பார்த்துப் பாவப்பட்டு அவரோட பனி தள்ளுற மெஷினைக் குடுத்தார். திருப்பிக் குடுக்க கராஜுக்குள்ள நுழைஞ்சா, அடடா, அந்த வாசம்! மண்ணெண்ணெய், பழைய ஆயில், வார்ப்பு இரும்பு. கண்ணை மூடினா சுந்தராபுரம்.

உள்ள ஒரு போர்வைக்கு அடியில 1972 மாடல் செவி நோவா. 350 கியூபிக் இஞ்ச் வி8. நம்ம கணக்குல 5.7 லிட்டர். 2009-லேர்ந்து ஓடாம நின்னுக்கிட்டு இருந்தது.

டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூன்னு ஒரு ரோடு. 1995-லேர்ந்து வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் மூணாவது சனிக்கிழமை அங்கே பழைய கார் திருவிழா நடக்குது (2020-ல மட்டும் கொரோனா புண்ணியத்துல நடக்கல). நம்ம ஊருத் தேர் மாதிரி. ஃபெர்ண்டேல்லேர்ந்து பான்டியாக் வரைக்கும் ரோட்டோரமா சேர் போட்டு ஜனம் உட்கார்ந்திருக்கும். அந்த நோவாவை அங்கே இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கணும்னு பெரியவருக்கு ஆசை. ஆனா அவருக்குப் பார்கின்சன். கை நடுங்கும். டம்ளர் பிடிக்கிறதே பாடு. நட்டு போல்ட்டெல்லாம் முடியற காரியமா? "எனக்குத் தலை இருக்கு தம்பி, உனக்குக் கை இருக்கு"ன்னார். 2023 டிசம்பர்ல நான் அவரோட கை ஆனேன்.

இப்ப கொஞ்சம் இன்ஜினீயரிங். கொட்டாவி கோஷ்டி தாண்டிக்கலாம்.

பழைய இன்ஜினை அப்படியே ஓட்டினா என்ன சுவாரஸ்யம்? பெரியவர் ஒரு வோர்டெக் ஹெட்டு ஜோடி வாங்கி வெச்சிருந்தார். 1996-லேர்ந்து ஜிஎம் ட்ரக்குகள்ல வந்தது, பழைய ஹெட்டை விட காத்து நல்லா போகும். அதோட ஒரு பெர்ஃபார்மென்ஸ் கேம்ஷாஃப்ட். கேம்ல முட்டை மாதிரி துருத்திக்கிட்டு இருக்கிற லோப் லிஃப்டரை எவ்வளவு தூக்குதோ, அதை ராக்கர் ஆர்ம் ஒண்ணரை மடங்காக்கி வால்வைத் தள்ளும். எங்க கேம் லோப் தூக்குறது 0.320 இஞ்ச். ஒண்ணரையால பெருக்கினா வால்வு திறக்கிறது 0.480 இஞ்ச். இதுதான் லிஃப்ட். சாதா கேமை விட நல்லாவே அதிகம். அதிகம் திறந்தா அதிகக் காத்து, அதிக சக்தி.

ஆனா வால்வைத் திறக்கிறதுதான் கேமோட வேலை. மூடறது ஸ்பிரிங்கோட வேலை. இன்ஜின் 5500 ஆர்பிஎம்ல ஓடினா கேம் அதுல பாதி வேகத்துல சுத்தும். அப்படின்னா ஒரு வால்வு ஒரு நொடிக்கு 46 தடவை திறந்து மூடணும். ஸ்பிரிங் பலம் பத்தலைன்னா வால்வு கேம் பின்னாடியே வராம காத்துல மிதக்கும், மேல வர்ற பிஸ்டன்ல போய் முட்டினாலும் முட்டும். அதுக்காக எமன் கணக்கா ஒரு ஸ்பிரிங்கைப் போட்டா கேம் லோப் தேய்ஞ்சே போயிடும். எங்களுது உருளை இல்லாத தட்டை லிஃப்டர். லோப் மேல உரசிக்கிட்டே போற ஜாதி. அதுக்கு முழுசாத் திறந்த நிலையில 300 பவுண்டைத் தாண்டாம இருக்கிறது நல்லதுன்னு பெரியவர் சொல்வார். (இந்தத் தொல்லையே வேண்டாம்னு டுகாட்டிக்காரன் வால்வை மூடுறதுக்கும் தனியா ஒரு கேம் வெச்சான், 1956-லேயே ரேஸ் பைக்குல. ரெனோ 1986-ல ஃபார்முலா ஒன்ல ஸ்பிரிங்கைத் தூக்கிட்டுக் காத்தழுத்தத்தைப் போட்டான். நமக்கெல்லாம் அந்த வசதி ஏது.)

லிஃப்ட் அதிகமானா ஸ்பிரிங்ல மூணு விஷயம் பார்க்கணும். ஒண்ணு பலம், அதைச் சொல்லிட்டேன். ரெண்டாவது காயில் பைண்ட். ஸ்பிரிங்கை அமுக்கிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல சுருள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஸ்பிரிங் வெறும் இரும்புக் குழாய் ஆயிடும். அதுக்கு மேல அமுங்காது. கேம் மட்டும் "நான் தூக்கியே தீருவேன்"னு நிக்கும். அப்ப எது பலவீனமோ அது போகும். புஷ்ராடு வளையும், ராக்கர் ஸ்டட் பிடுங்கிக்கும், லோப் செதுக்கிடும். அதனால முழு லிஃப்ட்லயும் அறுபது தௌவாவது மிச்சம் இருக்கணும்ங்கறது கணக்கு. தௌன்னா ஆயிரத்தில் ஒரு இஞ்ச். அப்பா பட்டறையில அதான் பாஷை.

மூணாவதுதான் எல்லாரும் மறக்கிறது. ஸ்பிரிங் தலையில தொப்பி மாதிரி ரீடெய்னர் இருக்கும். வால்வு திறக்கும்போது அதுவும் கீழ இறங்கும். கீழ வால்வு கைடு, அது மேல ஒரு ஆயில் சீல். ரீடெய்னர் போய் சீல் மேல உட்கார்ந்துட்டா அவ்வளவுதான். வோர்டெக் ஹெட்டுக்கு இது பிறவிக்குறை. கைடு உயரம், 0.460, 0.470 லிஃப்ட் வந்தாலே இடிக்க ஆரம்பிச்சுடும். பத்தாததுக்கு அதுல ராக்கர் ஸ்டட் மரை போட்டது கிடையாது, சும்மா அடிச்சு இறக்கினது.

இந்த மூணாவது விஷயம் எனக்கு அப்பத் தெரியாது. தெரியாதுங்கறது கூடப் பரவாயில்ல. அடுத்து பண்ணினதுதான்.

ஹெட்டோட வந்த பழைய ஸ்பிரிங்கை எடுத்து, பெஞ்ச் வைஸ்ல வெச்சு அமுக்கி வெர்னியர்ல அளந்தேன். 1.16 இஞ்ச்ல சுருள் ஒட்டுது. வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் உட்காருற உயரம் 1.70 இருக்கணும்னு புத்தகம் சொல்லுது. 1.70-ல 0.48 போனா 1.22. அதுல 1.16 போனா 0.06. அறுபது தௌ! அச்சு அசலா! எக்செல்ல அந்தக் கட்டத்துக்குப் பச்சைக் கலர் அடிச்சப்ப எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே. பலமும் கணக்குப் போட்டேன். 1.70-ல 80 பவுண்டு, 1.25-ல 200. அப்ப இஞ்சுக்கு 267 பவுண்டு. முழு லிஃப்ட்ல 208. புது ஸ்பிரிங்கே வேண்டாம், காசு மிச்சம்னு பெரியவர்கிட்ட பந்தாவா சொன்னேன்.

அவர் தாடையைத் தடவினார். "80 பவுண்டு இந்த கேமுக்குக் கம்மின்னு தோணுது. ஆனா நீ இன்ஜினீயர். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஒண்ணு மட்டும் பண்ணு. பதினாறு வால்வுக்கும் உயரம் அளந்து இந்த நோட்டுல எழுதிடு. ஹெட்டு ஏற்கெனவே யாரோ வேலை பார்த்தது, ஒரே மாதிரி இருக்காது."

அவர் குடுத்தது பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு. 1978-ல அந்தக் காரை வாங்கினதுலேர்ந்து ஆயில் மாத்தினது, பிளக் மாத்தினது எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார். அச்சு மாதிரி கையெழுத்து. போகப் போக அந்தக் கையெழுத்து கோணலாகி, கடைசிப் பக்கங்கள்ல பூச்சி ஊர்ந்த மாதிரி ஆயிருந்தது.

அது ஒரு வியாழக்கிழமை ராத்திரி. எனக்கு மறுநாள் காலையில ரிலீஸ். மணி பதினொண்ணு. கராஜ்ல ஹீட்டர் வேற வேலை செய்யல. முதல் வால்வை அளந்தேன், 1.73. ரெண்டாவது, அதுவும் 1.73. சரி, சீட்டை யாரோ கொஞ்சம் ஆழமா வெட்டியிருக்காங்க, வால்வு உள்ள இறங்கி ரீடெய்னர் மேல ஏறியிருக்கு, எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கும். முப்பது தௌ ஷிம் பதினாறுக்கும் போட்டா 1.70 வந்துடும். முடிஞ்சது ஜோலி.

மிச்சம் பதினாலு வரி காலியா இருந்தது. நான் உட்கார்ந்து எழுதினேன். 1.73. 1.728. 1.73. 1.732. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வரும்னு அங்கங்க மாத்தி வேற எழுதினேன்.

இதை டைப் பண்றதுக்கே இப்ப ஒரு மாதிரி இருக்கு. ஆபீஸ்ல நான் டெஸ்ட் ஓட்டாம ஓட்டினதா சொன்னவன் கிடையாது. ஆனா அன்னிக்குக் கை கூசாம எழுதினேன். பேனா நடுங்கவே இல்லை, அதுதான் கொடுமை.

அந்த ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட வீடியோவுல பேசினேன். ரொம்ப நாளைக்கப்புறம் எங்களுக்குள்ள "சாப்டியா, தூங்கினியா" தாண்டி ஒரு பேச்சு. அப்பாவுக்கு முகமே மாறிப் போச்சு. ஹெட்டைக் காட்டச் சொன்னார். கேமோட லிஃப்ட் எவ்வளவுன்னு கேட்டார். மில்லிமீட்டர்ல பன்னெண்டுக்கு மேலன்னதும் விசில் அடிச்சார். அப்புறம், "பதினாறும் அளந்தியா கண்ணு?"

"அளந்தாச்சுப்பா."

"ஷிம் போட்டதுக்கப்புறம்?"

"ம். போட்டதுக்கப்புறமும்."

"கேமைக் கையில சுத்தி, முழுசாத் தெறந்து வெச்சு, ரீடெய்னருக்கும் சீலுக்கும் நடுவால எத்தனை இருக்குதுன்னு பாத்தியா?"

"பாத்தேன்ப்பா."

மூணு கேள்வி, மூணு பொய். அப்பா சந்தோஷமாத் தலையாட்டினார். பின்னாடி அம்மா, "ஏனுங்க, பையன் தூங்கட்டும் உடுங்க"ன்னு சொன்னது கேட்டது.

பொய் சொன்ன உறுத்தல்ல மறுநாள் போய் இன்ஜினைக் கையால சுத்திப் பார்த்தேன். ரெண்டு முழுச் சுத்து. எங்கயும் பிடிக்கல, இடிக்கல, வெண்ணெய் மாதிரி போச்சு. அப்பாடான்னு இருந்தது. அதுவே ஒரு மாயைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. ஹைட்ராலிக் லிஃப்டருக்குள்ள ஆயில் இல்லாதப்ப அது அமுங்கிக் குடுக்கும். மேல முட்டிக்கிட்டா உள்ள சுருங்கிக்கும். அதனால வால்வு முழு லிஃப்ட் போகவே இல்லை. ஆயில் ஏறி லிஃப்டர் விறைச்சாத்தான் நிஜமான 0.480. இதுக்குன்னே கெட்டி லிஃப்டர் ஒண்ணும், விரலால அமுக்கற மாதிரி லேசான ஸ்பிரிங்கும் வெச்சுத்தான் அளக்கணுமாம். டிவைஸை விட்டுட்டு சிமுலேட்டர்ல மட்டும் டெஸ்ட் பண்ணின கதை.

2024 ஜூலை கடைசி ஞாயிறு. முதல் ஸ்டார்ட். தட்டை லிஃப்டர் கேமுக்கு ஒரு சடங்கு உண்டு. பத்தவெச்ச உடனே 2000, 2500 ஆர்பிஎம்ல இருபது முப்பது நிமிஷம் விடாம ஓட்டணும். ஐடில்ல விடக் கூடாது, ஏன்னா லோபுக்கு ஆயில் கிடைக்கிறதே மத்த பாகங்கள் சுத்தித் தெறிக்கிறதாலதான். ஆயில்லயும் ஜிங்க் அதிகமா இருக்கணும். இப்ப கடையில விக்கிற சாதா ஆயில்ல அதைக் குறைச்சுட்டாங்க, புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் கெட்டுப் போகுதுன்னு. நாங்க அதுக்குன்னே தனி ஆயில் வாங்கி வெச்சிருந்தோம்.

ஸ்டார்ட் ஆச்சு. பதினஞ்சு வருஷம் தூங்கின வண்டி. அந்த வி8 சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ள கேட்டுச்சு. பெரியவர் பின்னாடி கை கட்டி நின்னுக்கிட்டிருந்தார். நடுக்கத்தை மறைக்க எப்பவும் அப்படித்தான் நிப்பார். கண்ணுல தண்ணி.

ஏழாவது நிமிஷம் டிக் டிக்னு ஒரு சத்தம். "நிறுத்து"ன்னார். நான் "செட்டாயிடும் சார்"னு சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள அவரே குனிஞ்சு அணைச்சுட்டார்.

ராக்கர் கவரைக் கழட்டினோம். ஆறாம் நம்பர் சிலிண்டர், இன்டேக். ராக்கர் ஸ்டட் ஹெட்டை விட்டு நாலஞ்சு மில்லிமீட்டர் மேல வந்து நிக்குது. சுத்தி ஆயில்ல கறுப்பா சீலோட ரப்பர் துணுக்கு. அப்புறம் இன்டேக் மேனிஃபோல்டைத் தூக்கிட்டுப் பார்த்தா, அந்த லோபோட மூக்கு பளபளன்னு வழிச்சு எடுத்த மாதிரி. லிஃப்டரோட அடிப்பக்கம் குழி. அதோட இரும்புத் தூள் எங்கெங்க போயிருக்கோ, மொத்த இன்ஜினையும் பிரிச்சே ஆகணும்.

பெரியவர் ஒண்ணும் பேசல. அந்த ஸ்பிரிங்கையும் ரீடெய்னரையும் என்னைக் கழட்டச் சொன்னார். ஷிம்மை எடுக்கச் சொன்னார். உயரம் அளக்கிற மைக்ரோமீட்டரை அவரே வாங்கினார். ஸ்பிரிங் இடத்துல அதை வெச்சு, ரீடெய்னரும் லாக்கும் போட்டு அளக்கிறது அது. கை ஆடுது. லாக் ரெண்டு தடவை கீழ விழுந்தது. எடுத்துக் குடுத்தேன். மூணாவது தடவை உட்கார்ந்துச்சு. அளவைப் படிச்சார். 1.68.

அப்புறம் பச்சை நோட்டை எடுத்துப் பிரிச்சார். ஆறு, இன்டேக். என் கையெழுத்துல 1.732.

நோட்டை மூடினார். அலமாரியில வெச்சார். "ரொம்ப வெக்கையா இருக்கு தம்பி, நாளைக்குப் பார்ப்போம்"னார்.

கணக்கு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும். 1.68-ல முப்பது தௌ ஷிம் போச்சுன்னா 1.65. லிஃப்ட் 0.48 போனா 1.17. சுருள் ஒட்டுறது 1.16-ல. மிச்சம் வெறும் பத்து தௌ. அதுக்கு முன்னாடியே ரீடெய்னர் சீல்ல மோதியாச்சு. நான் அளந்த ரெண்டு வால்வும் ஆழமா வெட்டினது, அதனால அங்க ரீடெய்னருக்கு இடம் இருந்தது. பதினாறுல நல்லதா ரெண்டைப் பார்த்துட்டு மீதிக்கு நானே தீர்ப்பு எழுதினேன்.

ஆகஸ்ட் 17, 2024. ராயல் ஓக் முழுக்க கார் சத்தம். பெரியவர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. நான் ஜன்னல் வழியா அந்தக் கதவைப் பார்த்துக்கிட்டே நாள் பூரா வீட்டுக்குள்ளயே இருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி, ஊருல விடிகாலை, அப்பாவுக்கு போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். பதினாலு பொய் அளவு, அவர்கிட்ட சொன்ன மூணு பொய். அப்பா ரொம்ப நேரம் எதுவும் சொல்லல. லைன் கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன். பட்டறையில நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு ஆளு இப்படித்தான் அளக்காம அளவு சொல்லி, ஒரு லாரி வழியில நின்னு, அப்பா அவனை அன்னிக்கே கணக்குத் தீர்த்து அனுப்பினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதைத்தான் சொல்லப் போறார்னு காத்திருந்தேன்.

"அந்தப் பெரியவருகிட்ட வாயால சொன்னியா?"

"இல்லப்பா. அவருக்கே தெரிஞ்சு போச்சு."

"அவருக்குத் தெரிஞ்சது வேற. நீ போய்ச் சொல்றது வேற. காத்தால போயிச் சொல்லு. அப்புறம் ரெண்டு ஹெட்டையும் கழட்டி எறக்கு. போனை ஸ்டாண்டுல மாட்டி வெய்யி. மொதல்லேர்ந்து அளக்கலாம்."

காலையில போய்ச் சொன்னேன். பெரியவர் கேட்டுக்கிட்டார். "எத்தனை நிஜமா அளந்தே?"ன்னு மட்டும் கேட்டார். ரெண்டுன்னேன். தலையாட்டிட்டு, "காபி?"ன்னார். அந்த காபியை விடக் கசப்பா நான் எதையும் குடிச்சதில்லை. (அவர் போடுற காபி நிஜமாவே மகா மோசம், அது தனி.)

செலவு ஆயிரத்தி ஐநூறு டாலர் கிட்ட ஆச்சு. புது கேம், லிஃப்டர், பேரிங், மெஷின் வேலை. நான்தான் குடுத்தேன், அவர் தடுக்கல. தடுக்காதது நல்லதாப் போச்சு.

அந்தப் பனிக்காலம் முழுக்க ஞாயித்துக்கிழமை காலையில, ஊருல சாயங்காலம், மூணு பேரும் கராஜ்ல. அப்பா ஸ்டாண்டுல தொங்குவார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, பெரியவருக்குத் தமிழ் எங்க வரும்? நான் நடுவுல துபாஷி. முதல் நாள் ஒரு அளவு வாசிச்சேன். அப்பா, "அஞ்சு தௌ ஜாஸ்தி"ன்னார். நான் மொழிபெயர்க்கிறதுக்குள்ள பெரியவர் நிமிர்ந்தார். "தௌ? தௌன்னா சொன்னார்?" அவர் ஊர்லயும் அதுக்கு அதே பேர்தான்! சுந்தராபுரத்துப் பட்டறைப் பாஷை இங்கிலீஷ்லேர்ந்து வந்ததுன்னு எனக்கு உறைக்கவே இல்லை பாருங்க. அதுக்கப்புறம் பாதி நேரம் என் துணையே தேவைப்படல. ஒருத்தர் விரலைக் காட்டி "தௌ"ம்பார், இன்னொருத்தர் "தௌ, தௌ"ன்னு தலையாட்டுவார். ரெண்டு மாமியார்கள் சம்பந்தம் பேசற மாதிரி இருக்கும்.

புது ஸ்பிரிங் பதினாறும் வந்ததும் அப்பா முதல்ல சொன்னது, எல்லாத்தையும் கண்ணாடி மேல வரிசையா நிக்க வெச்சு, மேல ஒரு ஸ்கேலைப் படுக்க வைக்கணும். எது குட்டையோ அதுக்கு மேல வெளிச்சம் தெரியும். அப்புறம் மூலைமட்டத்தை ஓரமா வெச்சு சாயுதான்னு பார்க்கணும். புது ஸ்பிரிங்குக்கு எதுக்குப்பான்னேன். "புதுசுன்னு யாரு சொன்னா? டப்பாதான சொல்லுது."

கைடு மேல்பக்கத்தைக் கட்டர் போட்டு இறக்கினோம், ரீடெய்னருக்கு எல்லா வால்வுலயும் அறுபது தௌவுக்கு மேல இடம் வந்தது. ஸ்டட் எல்லாம் மரை போட்டதா மாத்தியாச்சு. சீட் வேலை புதுசா பண்ணி, வால்வு வால்வா தனித்தனி ஷிம் வெச்சு, 1.70-க்கு ரெண்டு பக்கமும் அஞ்சு தௌவுக்குள்ள கொண்டு வந்தோம். புது ஸ்பிரிங் மூடின நிலையில 110 பவுண்டு, முழுசாத் திறந்தா 273. சுருள் ஒட்டுறது 1.15-ல, மிச்சம் எழுபது தௌ. பிஸ்டன் மேல களிமண் உருண்டை ஒட்டி, ஹெட்டை வெச்சு சுத்தி, வால்வு பதிஞ்ச தடத்தை வெட்டி அளந்தப்ப மட்டும் எனக்கு மறுபடியும் ஆறு வயசாச்சு.

அளவு எல்லாம் அதே பச்சை நோட்டுல. பழைய பக்கத்தைக் கிழிச்சுடலாமான்னு கேட்டேன். பெரியவர் நோட்டை வாங்கி, என் பதினாலு வரி மேலயும் தானே ஒரு கோடு போட்டார். கோடு நேரா வரல, அலை அலையாப் போச்சு. பக்கத்துல புது அளவை எழுதச் சொன்னார். ஒவ்வொண்ணும் நான் படிப்பேன், போன்ல அப்பா திருப்பிச் சொல்வார், அப்புறம்தான் எழுதுவேன். பதினாறு வால்வுக்கு மூணு ஞாயிறு ஆச்சு.

ஆகஸ்ட் 16, 2025. காலை பத்து மணி. பெரியவர் ஸ்டியரிங்ல, நான் பக்கத்துல. வீட்டுலேர்ந்து உட்வர்ட் வரைக்கும் அவரே ஓட்டினார், அப்புறம் வடக்கே கொஞ்ச தூரம். ரோட்டோரத்துல ஒரு பொடியன் கையை ஆட்டினான், அவரும் ஆட்டினார். கை நடுங்கிச்சா ஆட்டினாரான்னு தெரியாத மாதிரி. ஒரு பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டி, சாவியை என் மடியில போட்டுட்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். "இனி நீ."

கிளம்பறதுக்கு முன்னாடி அப்பாவைக் கூப்பிட்டேன். ஊருல ராத்திரி ஏழரை. காரைக் காட்டினேன், கூட்டத்தைக் காட்டினேன். அதையெல்லாம் அவர் பார்த்த மாதிரியே தெரியல. "பானெட்டைத் தெற. ஆறாம் நம்பர்கிட்ட போனைப் புடி"ன்னார்.

பிடிச்சேன். பெரியவரும் இறங்கி வந்து பக்கத்துல நின்னார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே இருந்தார். ஒரு நிமிஷம் இருக்கும்.

"ம்ம். செரி, மூடு. சாப்டியா?"